மண்ணுக்குக் கீழே யார் கையெழுத்து?

தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சவுத் எக்ஸ்டென்ஷனுக்கும் நடுவே, ரிங் ரோட்டை ஒட்டியிருக்கிறது கிழக்குக் கிட்வாய் நகர். நேரு அமைச்சரவையில் முதலில் தகவல் தொடர்பையும் பிறகு உணவுத் துறையையும் கவனித்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. தில்லித் தமிழர்களுக்கு அந்நியமான இடமல்ல. லட்சுமிபாய் நகரின் தமிழ்ப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. வேப்ப மரங்களுக்கு அடியில் தாழ்ந்து கிடந்த பழைய குவார்ட்டர்ஸ்கள் இப்போது இல்லை. சுமார் 86 ஏக்கரில் ஏறத்தாழ 2,400 வீடுகளை இடித்துவிட்டு 4,600 அடுக்கு வீடுகளையும் அலுவலகக் கோபுரங்களையும் எழுப்பியிருக்கிறது மத்திய அரசின் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. இடிபடாமல் எஞ்சியவற்றுள் பழையது லோதி காலத்துத் தரியா கானின் கல்லறை. அதன் மேடை ஐந்நூறு ஆண்டுகளாக அதே மண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மண் எப்படிப்பட்டது? மேலே யமுனை காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அடியில், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட குவார்ட்சைட் பாறை. ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே தேய்ந்து மறையும் வால்முனைதான் தில்லிவாசிகள் ‘ரிட்ஜ்’ என்று சொல்லும் முகடு. அங்கே வெளியே தெரியும் அதே பாறை, நகரின் மற்ற பகுதிகளில் ஏறியும் இறங்கியும் மண்ணுக்குள் ஓடுகிறது. ஓரிடத்தில் சில மீட்டரில் தட்டுப்படும். இன்னோரிடத்தில் நூறு மீட்டர் தோண்டினாலும் கிடைக்காது. நிலநடுக்க வரைபடத்தில் தில்லி நெடுங்காலமாக நான்காம் மண்டலம். நடுக்கம் வந்தால், வண்டல் எவ்வளவு தடிப்பு, அடிப்பாறை எந்தச் சரிவில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே தெருவின் இரண்டு முனைகள் இரண்டு விதமாக ஆடும்.

இப்படிப்பட்ட இடத்தில் பெரிய கட்டடம் ஒன்று எழுந்தால் அதன் தாள்களில் யார் யார் கையெழுத்திட வேண்டும்? 2016-இல் வந்த தேசியக் கட்டட நெறித்தொகுப்பு இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் சார்ந்த புவித்தொழில்நுட்பப் பொறியாளர், மேற்பார்வையாளர், நகரமைப்பாளர், நிலக்காட்சிக் கலைஞர். ஒவ்வொருவருக்கும் என்ன படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம், எந்த அளவுக் கட்டடம் வரை கையெழுத்திடலாம் என்றெல்லாம் விதி உண்டு. புல்வெளி அமைப்பவர் வரை வந்துவிட்டோம். பாறையைப் படித்தவரைத்தான் காணோம்.

மண் பரிசோதனைதான் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. துளையிட்டு மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அழுத்தி, சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும் என்று புவித்தொழில்நுட்பப் பொறியாளர் சொல்லிவிடுவார். அவர் தருவது இன்றைய மண்ணின் பலம். இந்தப் பாறை எப்போது மடிந்தது, எங்கே பிளந்தது, அந்தப் பிளவு பக்கத்து மனையில் எந்த ஆழத்தில் தலைகாட்டும், பழைய ஓடை எதுவும் இங்கே மூடிக் கிடக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்லும் தொழில் நிலவியல். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் மட்டும் இந்தத் தொழிலுக்கு ஓர் இடம் உண்டு. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை. அதற்கான அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் இருக்க வேண்டிய துறை வல்லுநர்களில் நிலவியல் வல்லுநரும் ஒருவர். ஆனால் அவருக்குக் கிடைக்கும் ஒப்புதல் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தோடு ஒட்டியது. அவருடைய சொந்தச் சொத்தாக எந்தப் பதிவெண்ணும் இல்லை.

இந்தக் குறையைப் பெயரிலிருந்தே தொடங்கிப் பேசவேண்டும். தமிழில் இந்தத் தொழிலுக்கு நிலையான பெயரே கிடையாது. பள்ளிப் பாடநூலில் ‘புவியியல்’ என்றால் ஜியாகிரஃபி. தமிழ்நாடு அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’யிலோ அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. கல்லூரிகளில் நிலவியல், புவியமைப்பியல் என்று பலவாறு வழங்குகிறது. கிராமத்தில் ஒரே சொல்தான்: ‘ஜியாலஜிஸ்ட்’. போர் போடுவதற்கு முன் ‘பாயிண்ட்’ பார்க்க வருகிறவர் அவர். எம்.எஸ்ஸி. படித்து, மின்தடைக் கருவியோடு வந்து, கம்பிகளை நட்டுக் கணக்குப் போடுகிறவரும் ஜியாலஜிஸ்ட். உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டோ வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டோ தோட்டத்தைச் சுற்றி வருகிறவரும் ஒரு பழைய கருவியை வாங்கிவிட்டால் நாளைக்கே ஜியாலஜிஸ்ட். ஆயிரம் அடி போட்டுப் புழுதி மட்டும் வந்தால் விவசாயிக்கு நஷ்டம் லட்சத்தில். பாயிண்ட் பார்த்தவருக்குக் கூலி கிடைத்துவிட்டது. அவர் மீது புகார் கொடுக்க ஒரு மன்றமும் இல்லை, பறிப்பதற்கு ஓர் உரிமமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் கருவியும் தேங்காயும் ஒன்றுதான்.

பெயரைக் காப்பது, தொழிலைக் காப்பது என்று தொழில் உரிமத்தில் இரண்டு நிலை உண்டு. வழக்கறிஞர் சட்டம் (1961) தொழிலையே காக்கிறது. பதிவு இல்லாதவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. கட்டடக் கலைஞர் சட்டம் (1972) காப்பது பெயரை மட்டும். நொய்டா ஆணையத்தின் பதவிப் பெயர் ஒன்றைக் குறித்த வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பதிவு பெறாதவர் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தொழிலைச் சார்ந்த வேலையைச் செய்வதற்குச் சட்டம் தடை போடவில்லை. நிலவியலாளருக்கு இந்த இரண்டில் எதுவும் இல்லை. பொறியாளர்களுக்கே நாடு தழுவிய உரிமச் சட்டம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மசோதா பலமுறை எழுதப்பட்டிருக்கிறது, நிறைவேறவில்லை. குஜராத் மட்டும் 2006-இல் சிவில் பொறியாளருக்கெனத் தனிச் சட்டம் செய்தது.

சுரங்கத்தைப் பார்த்தால்தான் இந்த இடைவெளியின் அகலம் புரியும். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் உருவான முறைப்படி, தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் தேர்வு வைத்துத் தகுதிச் சான்றிதழ் தருகிறது. மேலாளருக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள். நில அளவையாளருக்குத் தனிச் சான்றிதழ். உள்ளே வேலையை மேற்பார்வையிடும் ஓவர்மேனுக்கு உண்டு, அவருக்குக் கீழுள்ள சர்தாருக்கு உண்டு. வெடி வைப்பவருக்கு உண்டு. கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநருக்கும் உண்டு. இவர்களில் ஒருவர் தவறு செய்தால் சான்றிதழைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பறிக்க முடியும். சான்றிதழ் போனால் பிழைப்பு போயிற்று என்பது சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே ஓவர்மேன் “இந்தக் கூரை நிற்காது, ஆள் உள்ளே போக வேண்டாம்” என்று சொன்னால் மேலாளர் யோசிப்பார். இதே சுரங்கத்தில், தாது எங்கே கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது, எந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் பாயும் என்று சொல்கிறவர் நிலவியலாளர். பெரிய சுரங்கங்கள் அவரை முழுநேர வேலைக்கு வைத்தே ஆகவேண்டும் என்று கனிமப் பாதுகாப்பு மேம்பாட்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. பட்டமும் அனுபவமும் போதும். தேர்வில்லை, சான்றிதழில்லை, பறிப்பதற்கும் ஒன்றுமில்லை.

நிலவியலாளருக்கும் பாதி உரிமம் ஒன்று இருந்தது. 1980-களின் பிற்பகுதியில், சுரங்கக் குத்தகை பெறுவதற்கு முன் சுரங்கத் திட்டம் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திட்டத்தை எழுத ‘அங்கீகரிக்கப்பட்ட தகுதியாளர்’ தேவைப்பட்டார். சுரங்கப் பொறியியல் பட்டமோ நிலவியலில் முதுநிலைப் பட்டமோ, அதோடு ஐந்தாண்டு அனுபவம். குவாரி வட்டாரத்தில் அவருடைய ஆங்கிலச் சுருக்கப் பெயரான ‘ஆர்.க்யூ.பி.’ என்றால் தெரியாதவர் இல்லை. சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் கல் குவாரிக்காரர் முதலில் தேடுவது தாசில்தாரையா ஆர்.க்யூ.பி.யையா என்று கேலியாகச் சொல்வதுண்டு. குறைகள் பல இருந்தாலும் அந்த முறையில் ஒரு நல்ல கூறு இருந்தது. அங்கீகாரம் ஒரு மனிதருக்குத் தரப்பட்டது. அவர் பெயர், அவர் எண், அவர் கையெழுத்து. 2016-க்குப் பிறகு வந்த மாற்றங்களில் இந்தத் தனிமனித அங்கீகாரம் மங்கிவிட்டது. இந்தியத் தரக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் முன்னுக்கு வந்துவிட்டன. 2021-ஆம் ஆண்டின் திருத்தம் தனியார் ஆய்வு நிறுவனங்களும் கனிமத் தேடலில் இறங்க வழி திறந்தது. அங்கேயும் அங்கீகாரம் நிறுவனத்துக்கே. 2023-இல் லித்தியம், கோபால்ட் போன்ற 29 கனிமங்களுக்கு ‘ஆய்வு உரிமம்’ என்ற புதிய உரிமமே பிறந்தது. நிலத்துக்கு உரிமம் இருக்கிறது, நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது. சுத்தியலோடு மலையேறுகிறவருக்கு இல்லை.

இந்த வேற்றுமையைச் சிறிது என்று நான் நினைக்கவில்லை. நிறுவனத்துக்கு அங்கீகாரம் தரும்போது, வேண்டாத முடிவைச் சொல்லும் நிலவியலாளரை மாற்றிவிட்டு வேறொருவரை வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்த்தே தரப்படுகிறது. அங்கீகாரம் அப்படியே இருக்கும். போனவர் கையில் எதுவும் இருக்காது.

இதற்கெல்லாம் ஏன் இத்தனை காலம் குரல் எழவில்லை? எழாமல் இல்லை. தொழிற்சங்கங்களும் நிலவியல் கழகங்களும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. உரத்து எழாததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1851-இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து, இந்தியாவில் நிலவியலாளர் என்றால் அரசு ஊழியர். தஞ்சை மாவட்ட மகாராஜபுரத்திலிருந்து போன எம்.எஸ். கிருஷ்ணன் 1951-இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார். அவர் எழுதிய இந்திய, பர்மிய நிலவியல் நூலைத்தான் பல தலைமுறை மாணவர்கள் பாடமாகப் படித்தார்கள். அந்த மாணவர்களின் கனவும் நிலவியல் ஆய்வகம், இல்லையென்றால் மத்திய நிலத்தடி நீர் வாரியம், இல்லையென்றால் ஓ.என்.ஜி.சி. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் தேறுவதே உரிமம் போலாகிவிட்டது. பணி நியமன ஆணையைக் கையில் வைத்திருப்பவருக்கு வேறு முத்திரை எதற்கு? தனியார் தொழில் என்ற ஒன்று கனிமத் துறையில் பெருகியது 1993-இன் கனிமக் கொள்கைக்குப் பிறகுதான். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் தெருவில் பலகை மாட்டிய தனித்தொழில் வரலாறு நீளமானது. அதனால் சட்டம் அவர்களைத் தேடி வந்தது. நிலவியலாளர் அரசின் மடியிலேயே வளர்ந்துவிட்டார்.

மற்ற நாடுகளில் உரிமம் சும்மா வந்துவிடவில்லை. பெரும்பாலும் பிணங்களின் மீது நடந்துதான் வந்தது. 1928 மார்ச் 12 நள்ளிரவில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு கரை பழைய நிலச்சரிவின் உடைந்த பாறையில் முட்டுக் கொடுத்து நின்றது. மறு கரைப் பாறை தண்ணீரில் ஊறினால் கரையக்கூடியது. அணையைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்ட் நகரமே கொண்டாடிய பொறியாளர், தானாகக் கற்று வளர்ந்தவர். அவருடைய தீர்ப்புக்கு மேல் இன்னொரு தீர்ப்பு கேட்கப்படவில்லை. அடுத்த ஆண்டே கலிபோர்னியா சிவில் பொறியாளர்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கவனிக்க வேண்டும், இடிந்தது பாறை. உரிமச் சட்டம் வந்தது பொறியாளருக்கு. நிலவியலாளருக்கு அங்கே சட்டம் வர இன்னும் நாற்பது ஆண்டு, 1968 வரை, ஆயிற்று.

அந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் செய்த ஒரு காரியம் இந்த விவாதத்துக்கே அடித்தளம் என்று சொல்வேன். மழையில் சரியும் குன்றுகளில் வீடு கட்டி அலுத்துப்போன நகரம் 1952-இல் மண் வெட்டிச் சமப்படுத்துவதற்கு விதி செய்தது. 1963-இல் அந்த விதியை இறுக்கி, மண் பொறியாளரோடு பொறியியல் நிலவியலாளரும் திட்டத்திலும் மேற்பார்வையிலும் கையெழுத்திட வேண்டும் என்றது. 1969-இல் பெருமழை வந்தது. 1952-க்கு முன் விதியே இல்லாத காலத்தில் அமைந்த மனைகளில் நூற்றுக்குப் பத்து சேதம். 1952-க்கும் 1962-க்கும் இடையில் அமைந்தவற்றில் நூற்றுக்கு ஒன்றேகால் அளவு. 1963-க்குப் பிறகு அமைந்த சுமார் 11,000 மனைகளில் சேதமானவை பதினேழோ பதினெட்டோதான். இன்னும் பழைய மனைகள் கூடுதலான மழையைப் பார்த்திருக்கும் என்று வாதாடலாம். அதையும் கழித்தாலும் வேறுபாடு கண்ணைக் குத்துகிறது. ஒரு கையெழுத்தின் விலையை இவ்வளவு துல்லியமாக மழை அளந்து காட்டிய இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இத்தாலியின் கதை எதிர்த் திசையில் போகிறது. 1963 பிப்ரவரியில் அந்நாடு நிலவியலாளர்களுக்கெனச் சட்டபூர்வமான தொழில் மன்றத்தை அமைத்தது. எட்டு மாதம் கழித்து, அக்டோபர் 9 இரவு, வயோன்ட் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மலைச்சரிவு ஒன்று முழுசாக இறங்கியது. அணை இன்றும் நிற்கிறது. அதைத் தாண்டிக் குதித்த அலை லாங்கரோனே ஊரையும் சுற்றியிருந்த ஊர்களையும் துடைத்தெடுத்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அந்த மலையில் பழைய சரிவு ஒன்று உறங்குகிறது என்று முன்பே கண்டு சொன்னவர் எதுவார்தோ செமென்சா என்ற இளம் நிலவியலாளர். அணையை வடிவமைத்த கார்லோ செமென்சாவின் சொந்த மகன். மகன் சொன்னான், அப்பா கேட்டார், வேலை நடந்தது. அப்பாவிடம் பேசும் உரிமை இருந்தவருக்கே நிறுத்தும் உரிமை இல்லை.

நம் மலைகளிலும் இதே கதை வேறு பெயர்களில் நடந்திருக்கிறது. உத்தராகண்டின் ஜோஷிமட் பழைய நிலச்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கனமான கட்டுமானம் கூடாது என்று மிஸ்ரா குழு 1976-லேயே சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் சுவர்கள் பிளந்தபோது அந்த அறிக்கையைத்தான் எல்லோரும் தேடியெடுத்தார்கள். இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போன லயன் வீடுகளில் இருந்தவர்கள் மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. இந்த இடங்களில் அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அறிவுக்கு அதிகாரம் இருக்கவில்லை. உரிமம் கேட்பவர்கள் பெரும்பாலும் மரியாதைக்காகக் கேட்கிறார்கள். அவர்கள் வாதத்தில் எனக்கு அலுப்பூட்டும் பகுதி அதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது தடுக்கும் அதிகாரம். கையெழுத்திட மறுத்தால் கோப்பு நகராது என்ற நிலை.

பணத்தின் மீது வந்த உரிமம் இன்னொரு வகை. கனடாவின் கால்கரியைச் சேர்ந்த பிரி-எக்ஸ் என்ற நிறுவனம் இந்தோனேசியாவின் புசாங் காட்டில் தங்கம் கண்டதாகச் சொன்னது. மதிப்பீடு ஏறி ஏறி ஏழு கோடி அவுன்சைத் தாண்டியது. சில்லறைக் காசுக்கு விற்ற பங்கு, நிறுவனத்தின் மதிப்பை 600 கோடி கனடிய டாலருக்குத் தூக்கியது. துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நெடுக்கே பிளந்து, பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மீதிப் பாதியைப் பெட்டியில் வைத்திருப்பதுதான் முறை. சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கலாம் அல்லவா? புசாங்கில் தண்டை முழுசாகவே நொறுக்கி அனுப்பினார்கள். நிலவியல் முதலாண்டு மாணவனுக்கும் புருவம் உயரவேண்டிய செய்தி அது. யார் புருவமும் உயரவில்லை. 1997 மார்ச்சில் திட்ட நிலவியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் தனி ஆய்வு முடிவு வந்தது: தங்கமே இல்லை, மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் தூளைத் தூவியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் துகள்களின் ஓரம் ஆற்றில் உருண்ட தங்கம் போல வழவழப்பாக இருந்தது. தூவியது யார் என்பது நீதிமன்றத்தில் இன்றுவரை முடிவாகவில்லை. ஓய்வூதியச் சேமிப்பை இழந்தவர்களின் கோபத்தால் ஒண்டாரியோ மாகாணம் 2000-ஆம் ஆண்டில் புவியறிவியலாளர் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு பங்குச் சந்தை விதி வந்தது. கனிமக் கணக்கு வெளியிட்டால் ‘தகுதி பெற்றவர்’ ஒருவர் பெயர் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடிய தொழில் மன்றம் ஒன்றில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். முப்பது ஆண்டு இரும்புத் தாதைப் பார்த்துப் பழுத்த நிலவியலாளரானாலும், அவரை ஒழுங்குபடுத்தும் மன்றம் இங்கே இல்லாததால் அவர் கையெழுத்து டொரண்டோவிலோ சிட்னியிலோ செல்லாது. பலர் ஆஸ்திரேலியச் சங்கங்களுக்குச் சந்தா கட்டி உறுப்பினரானார்கள். ஒடிசாவின் தாதுவுக்கு மெல்போர்னில் வாங்கிய தகுதி! இதைச் சரிசெய்ய நடந்த முயற்சிதான் இந்தியாவில் உரிமத்துக்கு மிக நெருங்கி வந்த முயற்சி. இந்தியச் சுரங்கப் பொறியாளர் சங்கமும் தில்லியிலிருந்து இயங்கும் இந்தியக் கனிமத் தொழில் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு தேசியக் குழுவை அமைத்தன. அதுவே இந்தியக் கனிமத் தொழில் நெறித்தொகுப்பை எழுதியது. உலக அளவில் இத்தகைய நெறிகளை இணைக்கும் அமைப்பு 2019-இல் இந்தியாவை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. தகுதியுள்ள உறுப்பினர்களைப் பதிவு செய்யவும், தவறினால் நடவடிக்கை எடுக்கவும் ஒரு வழி பிறந்திருக்கிறது.

ஆனால் இது தன்விருப்ப நெறி. சட்டம் இதைக் கேட்கவில்லை. அரசின் கனிமக் கணக்கு ஐ.நா. வகைப்பாட்டின்படி நடக்கிறது. ஜி-4 என்றால் முதல் மேலோட்டம், ஜி-1 என்றால் விரிவான ஆய்வு. 2023 பிப்ரவரியில் ஜம்மு ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் என்ற அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். அது ஜி-3 நிலை. ஊகித்தறிந்த வளம். அந்தச் சொல்லை அறிக்கையில் நிலவியல் ஆய்வகம் ஒழுங்காகவே போட்டிருந்தது. மறுநாள் தலைப்புகளில் ‘ஊகித்தறிந்த’ காணாமல் போயிற்று. நாடே மின்கலம் செய்யப்போகிறது என்றார்கள். ஏலத்துக்குப் போதிய பேர் வராமல் அது கைவிடப்பட்டபோது அந்தச் செய்தி உள்பக்கத்தில் வந்தது. எந்தத் தனிமனிதரும் ‘இந்த எண்ணுக்கு நான் பொறுப்பு, இதன் எல்லை இவ்வளவு’ என்று பெயர் சொல்லி நிற்கத் தேவையில்லாத ஒரு முறையில், எண் மட்டும் தனியாக ஊர்சுற்றுகிறது.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. உரிமம் என்பது உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் ஏற்பாடு என்று பொருளியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் தொழில் மன்றம் என்றாலே மருத்துவ மன்றத்தின் கதி நினைவுக்கு வரும். ஊழல் வழக்கில் அதன் தலைவர் கைதான பிறகு 2010-இல் அரசு அதைக் கலைக்க வேண்டியிருந்தது. டெக்ஸஸ் மாநிலம் 2001-இல் அமைத்த புவியறிவியலாளர் வாரியத்தை, இது தேவைதானா என்று 2019-இல் மறுபரிசீலனை செய்தார்கள். மூடிவிடலாம் என்பதே ஆய்வுக் குழு அலுவலர்களின் பரிந்துரை. சட்டமன்றம்தான் அதைக் காப்பாற்றியது. பொறுப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு முனையும் உண்டு. இத்தாலியின் லாகுயிலாவில் 2009 நிலநடுக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்காக ஆறு அறிவியலாளர்களுக்கு 2012-இல் சிறைத் தண்டனை விதித்தது கீழ் நீதிமன்றம். மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையானார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனை நிலவியலாளர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்? கையெழுத்துக்கு விலை வைத்தால், சிலர் எல்லாவற்றுக்கும் ‘ஆபத்து’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளவும் கூடும்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. நிலவியல் படித்த எல்லோருக்கும் உரிமம் வேண்டியதில்லை. புதைபடிமம் தேடுகிறவருக்கும் கல்லூரியில் கற்பிக்கிறவருக்கும் எந்த முத்திரையும் தேவையில்லை. மலைச்சரிவில் கட்டடம், சுரங்கப்பாதை, அணை, பொதுமக்கள் பணம் போடும் கனிமக் கணக்கு என்று பிறர் உயிரும் காசும் நிற்கும் இடங்களில் மட்டும் கையெழுத்திட ஒரு பதிவேடு போதும். வடிவமும் ஓரளவு கைவசம் இருக்கிறது. நீலகிரியில் 1978-இன் நிலச்சரிவுகளுக்குப் பிறகு, கட்டட அனுமதிக்கு அரசு நிலவியலாளரின் கருத்தைக் கேட்கும் நடைமுறை வேரூன்றியது. 2009 நவம்பரில் ஒரே மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அதன் தேவையை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. குறை ஒன்றுதான். கருத்துச் சொல்ல அரசு அலுவலர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். மனு போட்டவருக்கு வெளியே போய்க் கேட்கப் பதிவு பெற்ற ஆள் இல்லை.

கிட்வாய் நகரில் புதுக் கோபுரங்களுக்கு அடியில் இருக்கும் வாகன நிறுத்தத்தில் போய் நின்றால், யமுனையின் வண்டலுக்குள்தான் நிற்கிறோம். அங்கிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டரில், லோதி சாலை ஹேபிடட் சென்டரில், கட்டடக் கலை மன்றத்தின் அலுவலகம். தில்லியில் எந்தக் கட்டடக் கலைஞர் வரைந்த தாளிலும் கீழ் மூலையில் அந்த மன்றம் தந்த பதிவெண் இருக்கும். அந்த எண்ணை வைத்து ஆளைத் தேடிப் பிடிக்கலாம். அதே கட்டடத்துக்காக முதல் துளை போட்ட அன்று எழுதிய துளைப் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தால் வேறு கட்டங்கள் இருக்கும். ஆழம், மண்ணின் நிறம், தண்ணீர் நின்ற மட்டம், தண்டில் முழுசாக மீண்டு வந்த விகிதம். கடைசிக் கட்டத்தில் ‘பதிந்தவர்’ என்றிருக்கும். அதில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருப்பார்கள், சில சமயம் முதலெழுத்து மட்டும். எண் போடக் கட்டமே இல்லை.